தலைகீழாய் நின்ற தேவாலயம்

ஐம்பத்தோரு வயதில் பிராகோ ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணை அக்கா என்று கூப்பிட வேண்டி வந்தது. எங்கள் ஊர்த் தையல் கடைகளில் சட்டம் அப்படி. முதலில் வந்து சேர்ந்தவள் மூத்தவள். பின்னால் வந்தவள் பேரன் பேத்தி எடுத்திருந்தாலும் இளையவள்தான். இளையவள் காலையில் முதல் ஆளாக வந்து கடையைப் பெருக்க வேண்டும், தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், தரையில் விழுந்த குண்டூசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட வேண்டும். அப்ராஃபி என்ற அந்தப் பதினெட்டு வயது அக்காவுக்கு இதில் இருந்த ஆனந்தம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வருஷமாக அங்கே அவள்தான் கடைசி ஆள். அதிகாரம் செய்ய ஒருத்தி கிடைத்ததே அப்போதுதான். "இளையவளே, மெஷினுக்கு அடியில நூல் கிடக்கு பாரு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள். பிராகோ முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிவாள்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளை உறுத்தியது கடையின் சொந்தக்காரி கொராந்தமா. வயது இருபத்தெட்டு. ஒரு காலத்தில் பிராகோவின் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்தவள். இப்போது பிராகோ அவளை மேடம் என்று கூப்பிடுகிறாள். அவளோ பழைய வழக்கப்படி ஆன்ட்டி என்றே கூப்பிடுகிறாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பிராகோ கையிலிருக்கும் துணிமேல் தலையைக் குனிந்துகொள்வாள்.

குவாஹு மலையில் பிறந்த பிள்ளை அம்மா என்று சொல்லுமுன் விலை கேட்கும் என்று கானாவின் மற்ற ஊர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். வயிற்றெரிச்சல், வேறென்ன. பிராகோ அந்தக் கேலிக்கு ஏற்ற பெண். தலைநகர் அக்ராவின் பெரிய சந்தை ஒன்றில் இருபத்துமூன்று வருஷம் அச்சுத் துணி விற்றாள். எங்களிடம் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பெயர் உண்டு, பாதிப் பெயர்கள் பழமொழிகள். பிராகோ கண்ணை மூடிக்கொண்டு துணியின் ஓரத்தைத் தடவியே பெயரைச் சொல்லிவிடுவாள் என்று சந்தையில் பேச்சு. கணவர் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளையும் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் கடையும், எங்கள் ஊர்ச் சரிவில் கட்டிக்கொண்டிருந்த மாடி வீடும்தான். நீலக் கூரை போட வேண்டும், மாடியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிய வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுவர்கள் எழும்பின, கூரை எழும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தீப்பிடித்தது. பிராகோ அப்போது அக்ராவின் ஆலயத்தில் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். யாரோ தோளைத் தொட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தபோது இருபத்துமூன்று வருஷம் சாம்பலாகி ஈரமாகக் கிடந்தது. தீ எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் பாடிக்கொண்டிருந்தபோதே ஆண்டவர் அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஊருக்கு வந்தாள். கூரையில்லாத தன் மாடி வீட்டில் ஒரே ஒரு அறைக்கு மேலே தகரம் போட்டுக்கொண்டு எட்டு மாதம் கிடந்தாள். ஆலயத்துக்குப் போகவில்லை. ஆலயமணி அடித்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். எங்கள் சபையில் ஜாம்ஃபுவா என்று ஒரு பெண் மூப்பர். வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போக மாட்டாள். வேகவைத்த சேனைக்கிழங்கும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்து, பிராகோவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிராகோ சுவரைப் பார்த்தபடி, அவர் என்னை மறந்துவிட்டார், நானும் அவரை மறந்துவிடுகிறேன் என்றாள்.

ஜாம்ஃபுவா அதற்குப் பதறவில்லை. கிழங்கைத் துண்டு போட்டுக்கொண்டே பேசினாள்.

"பேதுருவுக்கும் எல்லாம் முடிஞ்சுதான் போச்சு. ஆண்டவரத் தெரியாது தெரியாதுன்னு மூணு தடவ சொல்லிட்டு, மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம மீன் பிடிக்கப் போயிட்டான். விடிய விடிய வலை போட்டு ஒரு மீனும் இல்ல. கரையில பாத்தா ஆண்டவர் அடுப்பு மூட்டி மீன் சுட்டு வச்சிருக்கார். யோசிச்சுப் பாரு பிராகோ. சாவ ஜெயிச்சவரு, காலைச் சாப்பாடு செஞ்சுகிட்டு உக்காந்திருக்கார். ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேக்கல. மொதல்ல சாப்பிட வாங்கன்னார். நீயும் மொதல்ல சாப்பிடு."

பிராகோ சாப்பிட்டாள். அந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டவள்தான். அன்றைக்குத்தான் அந்த அடுப்பின் சூடு முகத்தில் பட்டதுபோல் இருந்தது. உலகத்தை உண்டாக்கிய கை, தோற்றுப்போனவனுக்காக மீனைத் திருப்பிப் போட்டிருக்கிறது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அழுதுகொண்டே குழம்பைத் துடைத்துத் தின்றாள்.

அடுத்த வாரமே ஜாம்ஃபுவா மறுபடி வந்தாள். துணி உனக்குக் கைவந்த பொருள், விற்க முடியாவிட்டால் தைக்கக் கற்றுக்கொள் என்றாள். இந்த வயதிலா என்று பிராகோ கேட்டதற்கு, "சாராளுக்குத் தொண்ணூறு வயசுல தொட்டிலாட்ற வேலை வந்துச்சு. உனக்கு அம்பத்தொண்ணுல ஊசி புடிக்க வலிக்குதா?" என்று ஒரு போடு போட்டாள். ஜாம்ஃபுவாவே இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தாள். இவ்வளவு வயசான ஆளை வேலை வாங்க எங்களுக்கு வாய் வராது என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். இனி கொராந்தமாவைத்தான் கேட்க வேண்டும், அவள் நல்ல மனசுக்காரி என்று ஜாம்ஃபுவா சொன்னபோது, வேறு கடையே இல்லையா என்று பிராகோ கேட்டாள். நடந்தது என்னவென்று ஜாம்ஃபுவாவுக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். ஏழைப் பெண்ணை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டால் மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஐந்தாறு வருஷம் உழைத்து முடித்ததும் வீட்டுக்காரி ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து, நல்ல கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட வேண்டும். அந்த மெஷின்தான் அந்தப் பெண்ணின் எதிர்காலம். கொராந்தமா பன்னிரண்டு வயதில் பிராகோவிடம் வந்தாள். பதினேழு வயதில், மெஷின் வாங்க வேண்டிய மாதத்தில், கடையிலிருந்து ஆறு கெஜம் துணி காணாமல் போனது. 'நல்ல பாசிமணி சத்தம் போடாது' என்று பெயர் கொண்ட விலை உயர்ந்த அச்சு. பிராகோ விசாரிக்கவில்லை. நீதான் எடுத்தாய் என்றாள். அந்தப் பெண் சத்தியம் செய்தாள், காலைப் பிடித்தாள். பிராகோ பையைக் கையில் கொடுத்து அவளை லாரியில் ஏற்றிவிட்டாள். மூன்று வாரம் கழித்து நாத்தனார் நன்றி சொல்ல வந்தபோதுதான், துணியைத் தானே அவளுக்குக் கொடுத்துவிட்டு மறந்தது பிராகோவுக்கு ஞாபகம் வந்தது. ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கலாம். மெஷினை வாங்கி அனுப்பியிருக்கலாம். வேலை அதிகம், பிறகு பார்க்கலாம் என்று இருந்தாள். பிறகு என்பது பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

இவ்வளவும் மனதில் கனக்க, ஒரு கிரேட், அதாவது ஒரு பெட்டி நிறைய, கலர் பாட்டில்களோடு அவள் கொராந்தமாவின் வாசலில் போய் நின்றாள். பழகச் சேருகிறவள் அப்படித்தான் போக வேண்டும், கூட வந்தவர்தான் பேச வேண்டும். ஜாம்ஃபுவா பேசினாள். கொராந்தமா கேட்டுக்கொண்டே பிராகோவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். போ என்றால் போக வேண்டியதுதான், போக்கிடம் வேறில்லை என்று பிராகோ நின்றாள். கடைசியில் கொராந்தமா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆன்ட்டிக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா? ஊசியில நூல் கோக்கணுமே."

தெரியும் என்றாள் பிராகோ. பாட்டில்களைத் திறந்தார்கள், ஜாம்ஃபுவா ஜெபித்தாள். அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த இடமும் போய்விடும் என்று பயந்தாள். ஐந்து மாதம் அந்தப் பயத்தோடே காஜா எடுத்தாள், பட்டன் தைத்தாள், ஓரம் மடித்துத் தைத்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒவ்வொரு மாலையும் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தாள். ஆண்டவர் அந்த வாக்குகளை எல்லாம் எங்கே அடுக்கி வைத்தாரோ.

அந்த வருஷம் எங்கள் சபைக்கு நூற்றாண்டு விழா. அதற்கென்றே துணி அச்சடித்தார்கள். இளமஞ்சளில் பச்சைத் தேவாலயங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலுவை. பெயர் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு ஆறு கெஜம், எண்ணி அச்சடித்தது, மேற்கொண்டு ஒரு முழம்கூடக் கிடைக்காது. பிராகோ பெயர் கொடுக்கவில்லை, கையில் இல்லை. ஊரில் பாதித் துணி கொராந்தமாவின் மேசைக்கு வந்தது. போதகரம்மாவின் துணியும் வந்தது. எங்கள் பெண்களின் உடுப்புக்கு மேல்சட்டை, நீளப் பாவாடை, மேலே போர்த்தும் துணி என்று மூன்று வேண்டும். ஆறு கெஜம் அதற்குக் கணக்காகத்தான் வரும்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கொராந்தமா ஜிப் வாங்க மலைக்குக் கீழே ங்காவ்காவ் ஊருக்குப் போனாள். போதகரம்மாவின் மேல்சட்டையை வெட்டும்படி அப்ராஃபியிடம் சொல்லியிருந்தாள். அப்ராஃபிக்கு அன்று பல்வலி, கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு முனகினாள். நான் வெட்டுகிறேன் அக்கா, இருபத்துமூன்று வருஷம் துணி மடித்த கை என்றாள் பிராகோ. அப்ராஃபிக்குத் தடுக்கத் தெம்பில்லை.

மடித்த கை என்பதுதான் வினையாகிப் போனது. துணிக் கடையில் நீளத்தை நுனியோடு நுனி சேர்த்து இரண்டாக மடிப்பார்கள். விற்பதற்கு அதுதான் அழகு. ஆனால் மேல் கீழ் உள்ள அச்சை அப்படி மடித்து இரண்டடுக்காக வெட்டினால் ஒரு அடுக்கு நிமிர்ந்து நிற்கும், மற்றது கவிழ்ந்துவிடும். தையல்காரி எவளும் அப்படி மடிக்க மாட்டாள். பிராகோ மடித்தாள், சாக்கட்டியால் கோடு போட்டாள், ஒரே இழுப்பில் வெட்டினாள். முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். அருமையாக இருந்தது. பின்பக்கத்தைத் தூக்கினாள். வரிசை வரிசையாகத் தேவாலயங்கள் தலைகீழாக நின்றன, எல்லாச் சிலுவையும் தரையைப் பார்த்தது.

அப்ராஃபி பல்வலியை மறந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நூறு வருஷமாக நின்ற கோயிலை ஒரே நாளில் கவிழ்த்துவிட்டாயே இளையவளே என்றாள். பிறகு அவளுக்கே இரக்கம் வந்தது. பின்பக்கத்தை இன்னும் நாலு கிழி கிழித்து, எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம், பக்கத்தில் அரிசி மண்டி இருக்கிறது, நம்புவார்கள் என்றாள். பாவம், உதவியாகத்தான் சொன்னாள். பிராகோ ஒரு கணம் அந்த எலியை நினைத்துப் பார்த்தாள் என்பதும் உண்மை. ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு பெண் லாரிப் படியில் நின்று திரும்பிப் பார்த்த முகம் குறுக்கே வந்தது. வெட்டின துண்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

கொராந்தமா மத்தியானம் வந்தாள். மேசையைப் பார்த்தாள். ஜிப் பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்ராஃபி பல்லுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டாள்.

"நான்தான் வெட்டினேன்" என்றாள் பிராகோ. "என்னை அனுப்பிடு. அதுக்கு முன்னால இன்னொண்ணு சொல்லணும். அன்னிக்குக் காணாம போச்சே, அந்தத் துணிய நீ எடுக்கல. நான்தான் நாத்தனார்கிட்ட குடுத்துட்டு மறந்துட்டேன். மூணாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் உனக்குச் சொல்லல. உன் மெஷினையும் தரல."

கொராந்தமா முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"தெரியும் ஆன்ட்டி."

பிராகோவுக்குப் புரியவில்லை.

"நீங்க என்னை அனுப்பின அடுத்த வருஷம் இந்த ஊர்ல ஒரு சாவு. உங்க நாத்தனார் அதே துணிய உடுத்திகிட்டு வந்தாங்க. அளவெடுக்கிற மாதிரி பாத்துகிட்டே நின்னேன். அன்னிக்குத்தான் ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன். நல்ல ஜெபம் இல்ல. உங்க கடை எரியணும்னு கேட்டேன்."

வாசலில் ஒரு வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போனது. கொராந்தமா மேசைமேல் கிடந்த நூல்களைப் பொறுக்கினாள்.

"ரெண்டு வருஷம் விடாம கேட்டேன். சோறு விக்கிற கடையில சோறு ஆக்கினேன், அடுத்தவங்க மெஷின்ல ராத்திரி தச்சுப் பழகினேன், ஞாயித்துக்கிழமையானா முட்டி போட்டு அதையே கேட்டேன். அப்புறம் ஒரு நாள் எனக்கே சலிச்சுப் போச்சு. ஆண்டவரே, இத நீங்களே வச்சுக்கங்க, எனக்குத் தைக்கிற வேலை இருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சேன். அதுக்கப்புறம்தான் எனக்குக் கை ஓடுச்சு. ஆனா கடை எரிஞ்ச சேதி ரேடியோவுல வந்தப்ப மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல. நீங்க எட்டு மாசம் கதவச் சாத்திகிட்டுக் கிடந்தீங்க, நான் அந்தப் பக்கமே வரல. பயம். நீங்க இந்த வாசல்ல கிரேட்டோட வந்து நின்னீங்களே, ஆண்டவர் என்னை விசாரிக்கத்தான் வந்துட்டார்னு நெனச்சேன். வாயில வார்த்தை வரல. கண்ணு தெரியுதான்னு மட்டும் கேட்டேன்."

பிராகோ சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதமாக இவள் தன்னைக் கண்டு பயந்திருக்கிறாள், தான் இவளைக் கண்டு பயந்திருக்கிறோம். நடுவில் ஒருவர் இரண்டு பேரையும் ஒரே மேசைக்கு அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காத்திருந்திருக்கிறார். பிராகோ வாழ்க்கையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டவள். ஆண்டவர் பெரியவர் என்று பாடாத நாளில்லை. எவ்வளவு பெரியவர் என்று அன்று மத்தியானம் அந்தத் தையல் கடையில்தான் தெரிந்தது.

"உன் ஜெபத்துக்குப் பதில் சொல்ற மாதிரி இருந்தா, அவர் அந்த ரெண்டு வருஷத்துலயே எரிச்சிருப்பார்" என்றாள் கடைசியில். "அவர் அப்படிப்பட்டவர் இல்லைன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்."

கொராந்தமா அப்போதுதான் அழுதாள். சின்னப் பெண்போல மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து எழுந்து அலமாரியைத் திறந்து இன்னொரு ஆறு கெஜத்தை எடுத்து மேசைமேல் போட்டாள். அது அவளுடைய சொந்த விழாத் துணி. இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

"போதகரம்மாவுக்கு இதுல வெட்டுங்க."

நீயே வெட்டு என்று பிராகோ பின்வாங்கினாள். எனக்கு வேண்டாம், நான் கடை பெருக்குகிறேன், பட்டன் தைக்கிறேன், அது போதும் என்றாள்.

"இன்னிக்கு நான் வெட்டினா நீங்க இனிமே கத்தரிக்கோலத் தொடவே மாட்டீங்க ஆன்ட்டி. எனக்குத் தெரியும். பிடிங்க."

பிராகோ பிடித்தாள். ஒற்றையாக விரித்தாள். ஒவ்வொரு தேவாலயமும் நிமிர்ந்து நிற்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொராந்தமா பக்கத்தில் நின்றாள், கையை நீட்டவில்லை. ஒரு மேல்சட்டை வெட்ட ஒரு மணி நேரம் ஆனது.

விழாவன்று ஆலயம் கொள்ளவில்லை. எங்கு பார்த்தாலும் இளமஞ்சளும் பச்சையும்தான். பிராகோ தன் பழைய வெள்ளை உடுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் பாடிய முதல் ஞாயிறு அது. கொராந்தமாவும் வெள்ளையில்தான் வருவாள் என்று நினைத்திருந்தாள். கொராந்தமா பாடல் நடுவில் வந்து நாலு வரிசைக்கு முன்னால் நின்றபோது பிராகோவுக்குப் பாட்டு நின்றுபோனது. அவள் விழாத் துணியில்தான் வந்திருந்தாள். போதகரம்மாவுக்கென்று வெட்டிப் பாழான அதே துணி. ஒரு துண்டையும் மாற்றாமல் தன் அளவுக்குப் பிசிறில்லாமல் தைத்துப் போட்டிருந்தாள். முன்பக்கம் சரியாகத்தான் இருந்தது. முதுகு முழுக்கத் தேவாலயங்கள் கவிழ்ந்து நின்றன.

சபை சும்மா இருக்குமா? பாடலின் நடுவிலேயே முழங்கைகள் இடித்துக்கொண்டன. ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியம் படம் எடுக்க வெளியே வரிசையில் நின்றபோது போதகரம்மாவே பார்த்துவிட்டாள். தையல்கூடத் தெரியாத அளவுக்குக் கச்சிதமாகத் தைத்த தன் உடுப்பைத் தடவிக்கொண்டே, ஊருக்கே ஒழுங்காகத் தைத்துவிட்டு உன் முதுகை மட்டும் இப்படி விட்டுவிட்டாயே கொராந்தமா, யார் வெட்டியது இது என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். அப்ராஃபி தரையைப் பார்த்தாள்.

"எங்க கடைல புதுசா சேந்தவங்க வெட்டின மொதல் துணி" என்றாள் கொராந்தமா. "மொதல் துணிய மேடம்தான் உடுத்தணும். அதான் உடுத்தியிருக்கேன்."

சிரிக்க இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிராகோ மரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். எட்டு மாதம் இந்த முகங்களுக்குப் பயந்தும்தான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். வெள்ளை உடுப்போடு அந்த மஞ்சள் கூட்டத்துக்குள் நடந்து வந்தாள். வழி விட்டார்கள். கொராந்தமாவின் பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான்தான் வெட்டினேன். இவங்ககிட்டதான் தொழில் பழகறேன்."